தமிழ் மேசையில் நீ கதைத்த சிங்களம்

மல்லி,

இன்று காலை கல்முனை ரோட்டில் யாரோ டயர் கொளுத்தியிருந்தார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் ஜன்னலைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். பார், எழுதுகிறேன்! எழுபது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்து, ஒவ்வோர் எழுத்தாக வைத்து நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத எழுதச் சிரிப்பு வருகிறது.

பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் நான் தேத்தண்ணீர் ஊற்றினேன். நீ மேற்கே உள்ள சிங்களக் கிராமத்திலிருந்து அங்கே மின்சார வேலைக்கு வந்தவன். உங்கள் மொழியில் தம்பிக்கு மல்லி என்றார்கள், அப்படியே கூப்பிட்டேன். எங்கள் பேச்சில் அண்ணனுக்கு நானா, நீ என்னை அப்படிக் கூப்பிட்டாய். அசர் தொழுகைக்குப் பிறகு மூலை மேசையில் தமிழ் மட்டும்தான் என்று சிங்கள மாணவர் சிலரோடு சேர்ந்து சட்டம் போட்டவனும் நீதான். வாய்தவறிச் சிங்களம் வந்தால் சீனியில்லாத் தேத்தண்ணீர். முதல் மாதம் முழுக்க நீ கசப்பாகவே குடித்தாய். என்னிடம் பழகிய தமிழ் அல்லவா, "நாளைக்கு விகாரைக்குப் போறன், இன்ஷா அல்லாஹ்" என்பாய். மேசையே சிரிப்பில் அதிரும்.

அன்று வேறோர் ஊரில் சிங்களக் கூட்டம் நமது முஸ்லிம் கடைகளை எரித்த செய்தி போன்களில் வந்தது. மாலையில் முகத்தைத் துணியால் கட்டிய கூட்டம் பொல்லும் கம்பியுமாக உள்ளே புகுந்தது. நமது பொடியன்மார்தான், குரலில் தெரிந்தது. கண்ணாடி அலுமாரி நொறுங்கியது. மேசை மேசையாகப் போய், "தமிழ் கதைச்சிக் காட்டு" என்றார்கள். தமிழ் வராத ஒருவனின் தோளில் கம்பி இறங்கிய சத்தம் இன்னும் கேட்கிறது.

மூலை மேசையில் ஒவ்வொருவராகக் கதைத்துத் தப்பினார்கள். நீயும் தப்பினாய். "என்ன மனே இது அநியாயம்?" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டதும் உன்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். கடைசியில் இருந்த பெண்பிள்ளை மேசைக்குப் புதிது. இன்னும் தமிழ் வராததால் அவள் வாய் திறக்கவில்லை. கம்பி உயர்ந்தது.

நீ எழுந்து நின்று சிங்களத்தில் கத்தினாய்: அவள் ஊமை, இங்கே சிங்களவன் நான்தான் என்று. அர்த்தம் பிறகு மாணவர் சொன்னது.

கூட்டம் முழுக்க உன்மேல் விழுந்தது. நான் கொதிகேத்தலைத் தூக்கி வீசினேன். இரண்டு பேர் அலறினார்கள். அதற்குள் உன் நெற்றி பிளந்துவிட்டது. அந்தப் பிள்ளையைப் பின்கதவால் கொண்டுபோய்விட்டார்கள். உன் தலையை மடியில் வைத்தேன், என் சாரம் இரத்தத்தில் நனைந்தது.

"எனக்குச் சீனி போடாதீங்க, நானா" என்றாய். பிறகு நீ கதைக்கவில்லை.

நீ இறந்த ஏழாம் நாள் பிக்குகளுக்குக் கொடுக்கும் தானத்துக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா ஏதோ கேட்டார். கூட வந்த மாணவன் சொன்னான்: மகன் தமிழ் கதைத்து இவர் கேட்டதேயில்லையாம், அது எப்படி இருக்கும் என்கிறார். உன்னைப் போலவே கதைத்துக் காட்டினேன். அவர் அர்த்தம் கேட்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டார். ஓரிடத்தில் சிரித்தார்.

வருடாவருடம் போகிறேன். போனமுறை நடுவில் நீ சொன்னவை மறந்து நின்றுவிட்டேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் மல்லி, எழுத்துப் படித்தேன். இந்த முறை இந்தக் கடிதத்தை வாசிப்பேன், உன் குரலில். அடி விழுந்த இடம் வரும்போதும் குரலை மாற்றமாட்டேன். தமிழ் தெரியாத அவருக்கு அது தன் மகன் கதைக்கும் சத்தம் மட்டும்.