தறியில் விட்டு வந்த கண்ணாடி

என் அருமை மச்சான் குமரேசா,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். லேசர் வைத்துக் கண்ணைச் சரிசெய்துகொண்டு இன்றோடு நாலு நாள். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி. தலைக்குத் தண்ணீர் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, ஒரு நாளைக்கு நாலு தரம் சொட்டு மருந்து. உன் அக்கா சரசுதான் தலைமாட்டில் நின்று மருந்தை விடுகிறாள்.

"ஆடாம இருங்க. சேலையில ஒரு இழை அறுந்திருந்தா கண்டுபுடிக்கிற மனுஷன், ஒரு சொட்டுக்கு இந்த நடுங்கு நடுங்கறீங்களே!"

ஜன்னலில் நின்றால் தெருமுனையில் போகிற பஸ்ஸின் போர்டு தெரிகிறது. கையில் இருக்கிற சேலைதான் மங்கல். டாக்டர் முன்பே சொன்னார், இந்த வயதில் செய்துகொண்டால் தூரம் தெளியும், கிட்டத்துக்குக் கண்ணாடி தேடணும் என்று. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

உனக்குத் தெரியும், பட்டுச் சேலை வாங்கி விற்கிற என் பிழைப்பே அந்தக் கெட்ட கண்ணில்தான் ஓடியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சேலையை மூக்குவரை கொண்டுவந்தால் ஜரிகை இழை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். 'மோந்து பாத்தே சரக்கு வாங்கறவன்' என்று பெரிய காஞ்சிபுரம் முழுக்கச் சிரித்தார்கள். அந்தக் கண்ணை எதற்காகத் தொலைத்தேன்? ஊருக்குச் சொன்ன காரணம் வேறு. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நீதான் பின்சீட்டில் இருந்தாயே.

அன்று சாயங்காலம் மாகறலில், நெசவாளர் வீட்டில், முகூர்த்தச் சேலையைப் பார்க்கக் கண்ணாடியைக் கழற்றித் தறி மேல் வைத்தேன். பெண்வீட்டார் நம் கடையில் காத்திருந்தார்கள். அவசரத்தில் அப்படியே ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன். ரெண்டு தெரு தாண்டியதும் நீ கேட்டாய்.

"மாமா, கண்ணாடி எங்க? திரும்பிப் போலாம்பா. இல்லன்னா நான் ஓட்டறேன்."

"ஒக்காருய்யா. திரும்பினா பார்ட்டி வேற கடைக்குப் போயிடும். கண்ண மூடினாலும் எனக்கு இந்த ரோடு தெரியும்."

ரோடு தெரிந்தது. ஓரமாக நின்ற வைக்கோல் டிராக்டர் தெரியவில்லை. அதன் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எங்கேயோ தூரத்தில் கோயில் சீரியல் பல்பு என்று நினைத்தேன்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. உன்னை ஆஸ்பத்திரி வாசல்வரைகூட உயிரோடு கொண்டுபோக முடியவில்லை.

டிராக்டரில் விளக்கே இல்லை, என் கண்ணாடி மோதலில் உடைந்துவிட்டது என்று போலீசில் சொன்னவன் நான். டிராக்டர்காரர் மேல் கேஸ் நடக்கிறது. காலையில் உன் படத்துக்குப் பூ வைக்கும்போதெல்லாம் சரசு அவரைச் சபிப்பாள்: "வெளக்கு போடாத அந்தப் பாவி வீட்டுல வெளக்கே எரியக்கூடாது." அதைக் கேட்டுக்கொண்டேதான் காபி குடித்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த நெசவாளர் வீட்டம்மா, கண்ணாடியைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எறிய மனம் வரவில்லை. பீரோவில் வேட்டிக்கு அடியில் ஒளித்தேன். இனி ரோட்டைப் பார்க்க ஒரு கண்ணாடியே தேவைப்படக் கூடாது என்று லேசருக்குப் போனேன்.

நேற்று வேட்டி அடுக்கும்போது சரசு அதை எடுத்துவிட்டாள்.

"இது அன்னிக்கு ஒடஞ்சி போச்சின்னீங்களே? முழுசா இருக்குது?"

"அது வேறம்மா. பழசு."

"பழசா? இந்தக் காதுக் கம்பில பட்டு நூல் சுத்திக் குடுத்ததே நான்தான். தம்பி செத்துப்போன அதே வாரத்துலதான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலிக்கிறது என்று நினைத்திருப்பாளா? அப்புறம் அவள் விட்ட சொட்டு கன்னத்தில் விழுந்தது. இன்று காலை உன் படத்துக்குப் பூ வைத்தாள். யாரையும் சபிக்கவில்லை.

குமரேசா, நாலு மணிக்கு அடுத்த சொட்டு. பக்கத்தில் வந்தால் அவள் முகம் எனக்குக் கலங்கலாகத்தான் தெரியும். அப்போது உண்மையைச் சொல்லிவிட்டால் சுலபம். அப்படிச் சொல்ல மாட்டேன். முகம் தெளிவாகத் தெரிகிற தூரத்தில், கதவோரம் நிற்கச் சொல்லி, அவளைப் பார்த்தே சொல்வேன். கோர்ட்டில் கூப்பிடும்போதும் அதையேதான் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் எனக்கு மருந்து விடுவாளா, தெரியாது. நானே விட்டுக்கொள்ளப் பழகுகிறேன்.

திரும்பிப் போகலாம் என்று நீ சொல்லியும் கேட்காத,
உன் அக்கா புருஷன்,
மாமா