நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்த வரி

வடக்குப்பட்டு,
ஒரகடம் வழி.
6.9.2005

அன்பு நிறைந்த உங்களுக்கு,

சுகப்பிரியா எழுதுகிறேன். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு, எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அந்த மணல்காட்டில் நீங்கள் தவிக்கக் கூடாது.

ஜெய்சல்மேரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. புழுதிக்காற்றில் இரண்டு நாள் கோபுரத்தில் ஏற முடியாமல் கூடாரத்துக்குள்ளேயே கிடந்தது, சப்பாத்தி தின்று நாக்கு செத்துப்போனது எல்லாம் படித்தேன். வள்ளியூரில் அத்தைக்கு எழுதி இட்லிப் பொடியும் நார்த்தங்காயும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பார்சல் வந்ததா? அத்தைக்கு மூட்டுவலி பரவாயில்லையாம்.

கடைசிப் பக்கத்தில் நீங்கள் கேட்டிருந்ததற்குத்தான் என்னால் பதில் எழுத முடியவில்லை. காற்றாலை வேலையை விட்டுவிட்டு வருகிறேன், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மாதம் ஒரு கம்பெனி வருகிறது, நாம் இருவருமே மின் தணிக்கைக்கு ஓர் ஆபீஸ் போடுவோம் என்று எழுதியிருந்தீர்கள். ‘நம் வகுப்பிலேயே படித்த படிப்புக்குச் சரியான வேலையில் இருப்பது நீ ஒருத்திதான்’ என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். அதெல்லாம் போன மாதம் பதினாறாம் தேதிக்கு முன்னால்.

பொய் சொல்வானேன், எனக்கும் அந்தக் கர்வம் இருந்தது. மதுரையில் எரிசக்தி எம்.ஈ. வகுப்பில் நாம் எட்டுப் பேர். சூரிய அடுப்பு செய்து பரிசு வாங்கிய தசரதன் இப்போது இதே ரோட்டில் டீசல் ஜெனரேட்டர் விற்கிறான். ஜூன் மாதம் ஒரகடம் டீக்கடையில் பார்த்தேன். கரண்ட் போனால்தான் தனக்குச் சோறு என்று அவனே சொல்லிச் சிரித்தான். ஏசுவடியான் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விட்டான். பூமாரி ஒரு பொறியியல் கல்லூரியில் மெஷின் டிராயிங் எடுக்கிறாள், அங்கே நம் பாடமே கிடையாது. கொம்பையா முப்பந்தலில் காற்றாலைக்கு கியர் ஆயில் மாற்றிக்கொண்டிருக்கிறான். இப்படி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து, நான் மட்டும் தப்பித்தேன் என்று இருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டு மரகதம் அம்மாவை உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்திருந்தபோது மீன் குழம்பு வைத்துக் கொடுத்தார்களே. அவர்கள் மகள் கலைமதி, இருபது வயது, கார் சீட்டுக்கு இரும்பு ஃபிரேம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஃபிரேமில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கும் அறையில் அவளுக்கு வேலை. தூசி வரக் கூடாது என்று கதவை மூடியே வைத்திருப்பார்கள். உள்ளே பன்னிரண்டு பெண்கள். தின்னர் நெடியை இழுத்து வெளியே தள்ள நான்கு எக்ஸாஸ்ட் ஃபேன்.

மே மாதம் அந்தக் கம்பெனியில் கரண்ட் எங்கெங்கே வீணாகிறது என்று தணிக்கை செய்தது நான்தான். மூன்று நாள், மீட்டரும் கையுமாக ஒவ்வொரு மோட்டாராகப் பார்த்தேன். துடைக்கும் அறைக்குள் நுழைந்தபோது கலைமதி தன் மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள். “மூக்கைக் கட்டிக்கக்கா, இல்லன்னா தல நோவும்” என்றாள். அதைக் கட்டிக்கொண்டுதான் அந்த நான்கு ஃபேனும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று குறித்தேன்.

ஷிஃப்ட் இல்லாத நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த ஃபேன்கள் சும்மா ஓடிக்கொண்டிருந்தன. ஆட்கள் இல்லாத நேரத்தில் மட்டும் இரண்டை நிறுத்தலாம் என்று அறிக்கையில் எழுதினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் அது இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் அந்த அறிக்கைப்படி ஒவ்வொன்றாகச் செய்துவந்தார்கள். பில் குறைந்துவிட்டது என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். ஆகஸ்ட் பதினாறாம் தேதி கேன்டீனில் சின்னதாக ஒரு விழா வைத்து, எங்கள் முதலாளி காசிராஜன் சாரையும் என்னையும் அழைத்தார்கள். நான் அந்த நீலப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

பகல் பதினொன்றரை மணி. மேனேஜர் என் கையில் கேடயத்தைக் கொடுத்தார். கைதட்டல் ஓயவில்லை. வாசலில் ஒரு பெண் காலில் செருப்பு இல்லாமல் வந்து நின்று, “சார், தொடைக்கிற ரூம்ல பொண்ணுங்க வுழுந்துட்டாங்க சார்” என்று கத்தினாள். யாருக்கும் முதலில் புரியவில்லை. எனக்கும்தான். அவள் இரண்டாம் தடவை கத்தியபோது கேடயத்தை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினேன்.

கதவைத் திறந்ததும் நெடி கண்ணைக் கரித்தது. மேலே பார்த்தேன். இரண்டு ஃபேன் ஓடுகிறது, இரண்டு நிற்கிறது. நிற்கிற இரண்டின் சுவிட்சிலும் சிவப்பு அட்டை மாட்டியிருந்தார்கள். ‘மின்சிக்கனம் – போடாதே’ என்று எழுதியிருந்தது. அதைப் படித்துக்கொண்டே அப்படியே நின்றுவிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. யாரோ என்னை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனார்கள். அதன் பிறகுதான் எனக்குக் கை கால் வந்தது. அட்டையைப் பிய்த்துப் போட்டு சுவிட்சைப் போட்டேன்.

மூன்று பெண்கள் மயங்கிக் கிடந்தார்கள். இரண்டு பேர் வெளிக்காற்றுப் பட்டதும் கண் விழித்தார்கள். மூன்றாவது கலைமதி. விழும்போது தள்ளுவண்டியின் இரும்பு விளிம்பில் தலை மோதியிருக்கிறது. ஆஸ்பத்திரி போகும் வரை வேனில் அவள் தலை என் மடியில்தான் இருந்தது. என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டேன். அவள் கண் திறக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

முந்தின வாரம் அந்தச் சிவப்பு அட்டையை மாட்டியதிலிருந்தே தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்று பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். சூப்பர்வைசர், போய் டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே காசிராஜன் சார் என்னைக் கூப்பிட்டார். “பயப்படாதேம்மா. நாற்பத்தொண்ணாம் பக்கத்துல தெளிவா எழுதியிருக்கோம். படிக்காதது அவங்க தப்பு. நமக்கு ஒண்ணும் வராது” என்றார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அந்த நிம்மதியோடுதான் என் அறைக்கு வந்து அறிக்கையை எடுத்துப் பார்த்தேன்.

முதல் பக்கத்தில் ஒரு சுருக்கம் உண்டல்லவா, மேனேஜர்கள் அதை மட்டும்தான் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியுமே. அதில் ஏழாவது வரி: ‘துடைக்கும் அறை – நான்கு ஃபேன்களில் இரண்டை நிறுத்தலாம்.’ அவ்வளவுதான் இருந்தது. ஆட்கள் இல்லாத நேரத்தில் என்பது இல்லை.

அந்தச் சுருக்கத்தை டைப் அடித்தது நான். அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டத்துக்குள் அந்த வரி அடங்காமல் இரண்டாம் வரிக்கு வழிந்தது. மற்ற எல்லாம் ஒரே வரியாக இருக்க, அது மட்டும் பார்க்க அசிங்கமாக இருந்தது. அதனால் பாதியை வெட்டினேன். வேறு காரணமே கிடையாது. பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று வெட்டினேன்.

கலைமதிக்கு மூன்றாம் நாள்தான் நினைவு வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மரகதம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியவே போவதில்லை. அதுவரை, பெண்ணை மடியில் போட்டுக் கொண்டுவந்தவள் என்று எனக்குத்தான் காப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திட்டவில்லை, அழவும் இல்லை. “ஏம்மா, உள்ள பொண்ணுங்க நின்னுகினு கீறது உனுக்குத் தெரியாதா? நீதான் போயி பாத்துட்டு வந்தியே” என்று கேட்டார்கள்.

அந்த அறையைப் பற்றி நான் நிரப்பிய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். மோட்டார் எத்தனை, டியூப்லைட் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எல்லாம் இருக்கிறது. உள்ளே எத்தனை பேர் என்று நான் எழுதவே இல்லை. அதற்கு அந்தப் படிவத்தில் கட்டமும் இல்லை.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். மேனேஜர் சுருக்கப் பக்கத்தை நீட்டினார். காசிராஜன் சார் நாற்பத்தோராம் பக்கத்தை நீட்டினார். சுருக்கத்தில் நிபந்தனையை விட்டது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெண்கள் முறையிட்டும் கம்பெனி கண்டுகொள்ளவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. சூப்பர்வைசரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

நான் அதோடு விட்டிருந்தால் வேலை தங்கியிருக்கும். என்னால் முடியவில்லை. இந்த இரண்டு வருடத்தில் நான் எழுதிய பதினோரு அறிக்கைகளையும் எடுத்து, சுருக்கப் பக்கங்களை மட்டும் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வேறு இரண்டு கம்பெனிகளிலும் அதே மாதிரி வெட்டியிருக்கிறேன். ஒன்று பேட்டரி சார்ஜ் செய்கிற அறை, அங்கே வாயு தேங்கினால் ஒரு பொறியில் வெடித்துவிடும். ஆபீஸ் மூலம் திருத்தம் அனுப்பலாம் என்றேன், காசிராஜன் சார் மறுத்துவிட்டார். என் பெயரிலேயே இரண்டு கம்பெனிக்கும் பதிவுத் தபால் போட்டேன், போனிலும் சொன்னேன். பேட்டரிக் கம்பெனியில் ஃபேனை அடுத்த வாரம் நிறுத்துவதாக இருந்தார்களாம். மறுநாளே காசிராஜன் சார், ஒன்றாம் தேதி முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே, நீங்கள் எழுதிய அந்தச் சரியான வேலை இப்போது என்னிடம் இல்லை.

கலைமதி போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள். நடக்கிறாள், பேசுகிறாள். இடது கை விரல்கள் மட்டும் நடுங்குகின்றன. சரியாகிவிடும் என்கிறார்கள், எப்போது என்று சொல்லவில்லை. நாகப்பன் அண்ணன் (கலைமதியின் அப்பா) என்னிடம் இன்னும் பேசவில்லை. மரகதம் அம்மா அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை. நானாகவே போய்விடட்டுமா என்று கேட்டேன். “எங்க போவ?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இருக்காது.

வந்த அன்று கலைமதி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். என்ன கேட்பாளோ என்று பயந்துகொண்டே போனேன். “அக்கா, அந்த ரூம்ல இப்ப ஃபேன் நாலும் ஓடுதா? என் எடத்துல இசக்கிசெல்விய போட்டிருக்காங்களாம்” என்றாள். அந்தப் பெண் நம் பக்கத்துப் பிள்ளை, கோவில்பட்டி. ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். மயங்கி விழுந்த மூன்று பேரில் அவளும் ஒருத்தி. திரும்ப அதே அறைக்குப் போயிருக்கிறாள்.

என்னைக் கம்பெனிக்குள் விட மாட்டார்கள். அதனால் தினமும் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு கேட்டுக்கு வெளியே போய் நிற்கிறேன். செக்யூரிட்டிக்காரர் இரண்டு தடவை விரட்டிப் பார்த்தார், இப்போது விட்டுவிட்டார். இசக்கிசெல்வி வெளியே வந்ததும், “நாலும் ஓடுதுக்கா, நான் மேல பாத்துக்கிட்டேதான் இருக்கேன்” என்பாள். அதைக் கொண்டுபோய்க் கலைமதியிடம் சொல்வேன். இப்போதைக்கு நான் செய்கிற வேலை இது ஒன்றுதான்.

படித்தது வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த ஃபேன்கள் ஞாயிற்றுக்கிழமை சும்மா ஓடியது உண்மைதானே. ஆனால் இன்னோர் அறிக்கையை எழுதி அதன் கீழே என் பெயரைப் போடுகிற தைரியம் எனக்கு எப்போதாவது வருமா என்று தெரியவில்லை. ஆபீஸ் போடுவதைப் பற்றி என்னிடம் இப்போது கேட்காதீர்கள். ராஜினாமாவையும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான்கு நாளாவது லீவு போட்டு வாருங்கள். எனக்குச் சமாதானம் எதுவும் சொல்ல வேண்டாம். நீ வேண்டுமென்றா செய்தாய் என்று தசரதன் சொல்லிவிட்டான், பூமாரியும் போனில் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நீங்கள் வந்து, அந்த முதல் பக்கத்தை உங்கள் கையில் வாங்கிப் படித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பீர்களோ தெரியாது. அது எதுவானாலும் எனக்கு நேரில் தெரிய வேண்டும்.

சென்னையில் இறங்கி லோக்கல் வண்டி பிடித்து சிங்கப்பெருமாள் கோவில் வந்துவிடுங்கள். எந்தத் தேதி, எந்த வண்டி என்று மட்டும் எழுதுங்கள், ஸ்டேஷனில் நிற்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அத்தைக்காக ‘நீங்கள்’ என்று பழகிக்கொண்டேன். இந்த ஒரு வரியை மட்டும் வகுப்பில் கூப்பிட்டது போலவே எழுதிவிடுகிறேன். வந்துவிடு, வேல்ராஜ்.

உன்
சுகப்பிரியா