கூடத்துப் பியானோ

1931 மே 6

செங்கல்பட்டில் சீமைக்குத் திரும்புகிற வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் இவர் ஒரு பியானோ எடுத்து வந்துவிட்டார். எனக்காகவாம்! வீணை வாசிக்கிறவளுக்கு இதுவும் வரும் என்பது வக்கீல் மூளை. மூடியைத் திறந்து ஒரு கட்டையை அமுக்கினேன் — ஜலதோஷம் பிடித்த யானை. சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

மாமியார் சிரிக்கவில்லை. வைகாசி உற்சவத்துக்கு உறவுக்காரர்கள் வந்தால் கூடத்தில் இடம் வேண்டுமே என்றார். "அதுக்குள்ள காதுக்கு இதமா ஒரு சத்தம் வரட்டும். இல்லேன்னா வந்த வண்டியிலேயே போகட்டும்."

போகக்கூடாது. எனக்கு வேணும்.

மே 8

பெட்டியோடு ஒரு சாவியும் வந்திருக்கிறது. கம்பி சுற்றிய முளையில் மாட்டித் திருகினால் சுருதி ஏறுகிறது, இறங்குகிறது. வீணைப் பிரடை மாதிரிதானே! சுருதி சேர்க்கிற பட்டணத்து ஆள் வர மாசமாகும் என்கிறார் இவர். ஆள் எதற்கு? நான் இல்லையா?

மே 9

ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. எந்த மகராசன் செய்தானோ.

மே 14

கோர்ட்டு லீவு. இவரைத் தம்பூரா மீட்ட உட்காரவைத்தேன். முதல் வெள்ளைக்கட்டை ஸட்ஜம். மற்றதெல்லாம் வரிசையாக மாயாமாளவகௌளையில். பாட்டு ஆரம்பிக்கிற குழந்தைக்குக்கூட அதுதானே முதல் ராகம், வேறெப்படி வைப்பார்கள்? கறுப்புக் கட்டைகள் என்னத்துக்கோ, தொடவில்லை. சாயங்காலம் சரளி வரிசை தடங்கலில்லாமல் ஓடியது! விரலெல்லாம் கொப்புளம். கால் தரையில் பாவவில்லை.

மே 18

மிஷன் பள்ளிக்கூடத்து மிஸ்ஸம்மா பார்க்க வந்தாள். உட்கார்ந்து அவர்கள் கோயில் பாட்டை வாசித்தாள். ஐயோ, அது ஒப்பாரியாகிவிட்டது! மறுபடி வாசித்தாள், முகம் சிவந்தது. நம் கணக்கில் ரிஷபமும் தைவதமும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லையாம். பட்டணத்து ஆளை வரவழைத்து எல்லாவற்றையும் மாற்றவேண்டுமாம். தூணோரம் மாமியார் கேட்டுக்கொண்டு நிற்கிறாரே — போச்சு, வண்டிதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மே 19

மத்தியானம் கண்ணயர்ந்தேன். கூடத்தில் ஸ ரி க ம. எட்டிப் பார்த்தால் மாமியார்! ஒற்றை விரலால் அமுக்கி, கூடவே மெல்லப் பாடிக்கொண்டு. ஒரு இடத்திலும் பிசகவில்லை. சின்ன வயசில் பாட்டு சொல்லிக்கொண்டவராம். பெற்ற பிள்ளை, இவருக்கே தெரியாது. என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை.

"வத்ஸலா, பட்டணத்து ஆள் வேண்டாம்னு அந்த மிஸ்ஸம்மாகிட்ட சொல்லிடு. இது நன்னாத்தான் இருக்கு."

மே 30

உற்சவத்துக்கு எல்லோரும் வந்தாயிற்று. மாமியார் வந்திருக்கிற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பியானோ முன்னால் உட்காரவைத்துச் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு என்றைக்கு முறை வரும் என்று கேட்டேன். தேர் முடியட்டும் என்கிறார்.