தமயந்தி வைத்த புள்ளி

செவ்வாய்க்கிழமை

இன்று ஓ.எல். பொதுப் பரீட்சை எழுதப்போகும் வகுப்புக்குக் கணக்குத் தாள் திருப்பிக் கொடுத்தேன். 5/11ஐத் தசமத்தில் எழுதச் சொல்லியிருந்தேன். 0.454545 என்று முடிவில்லாமல் போகும். அதனால் 0.45 என்று எழுதி, நாலுக்கும் ஐந்துக்கும் மேலே ஒவ்வொரு புள்ளி வைக்க வேண்டும். தமயந்தி ஐந்துக்கு மேல் மட்டும்தான் வைத்திருக்கிறாள் என்று பிழை போட்டிருந்தேன்.

அவள் தாளோடு எழுந்து வந்தாள். "ரெண்டு புள்ளியும் இருக்கு டீச்சர்."

"இப்ப வச்சிட்டு வர்றியா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பள்ளி விட்டபின் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நாலின் மேல் நீலப் புள்ளி இருந்தது. என் சிவப்புக் கோடு அந்தப் புள்ளியை மூடிக்கொண்டு போயிருந்தது.

நானும் அவளைப் போலத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவள்தான். அவளைக் கள்ளி என்பது போன்ற அந்த வார்த்தை எனக்கு எப்படி வந்தது?

உடனே அவள் வீட்டுக்குப் போனேன். "பிழை என்னோடதும்மா," என்றேன்.

"பரவாயில்லீங்க டீச்சர்," என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் அம்மா கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "கினிகத்தேனையில துணிக்கடைக்கு ஆள் கேட்டாங்க டீச்சர். படிக்கணும்னு இவதான் இத்தன நாளா மாட்டேன்னா. இன்னைக்கு வந்ததும் போறேங்கிறா."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மார்க்கைத் திருத்திய தாளை நீட்டினேன்.

"நீங்களே வச்சிக்குங்க டீச்சர்."

நாளைக்கு வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் பிழை என்னுடையது என்று சொல்லிவிடுவேன். கேட்க அவள் இருக்க மாட்டாள்.