கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்பவர்

மார்ச் 3, செவ்வாய்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன்? என்னிடமேதான். காலையில் கண் எரிய எழுந்து திட்டப்போவதும் நான்தானே. வில்லாவுக்குப் பல் முளைக்கிறது, இப்போதுதான் தூங்கினாள். அவள் அப்பா கோல்பி இன்னும் வீடு வரவில்லை.

வேலை பார்த்த கிடங்கை மூடியதிலிருந்து வீட்டிலேயே கிடந்தவன், கிறிஸ்துமஸுக்குப் பிறகு தன் தாய்மாமன் லாமாரின் ஜாமீன் கடைக்குப் போகிறான். சிறைக்கு எதிரிலேயே கடை. கைதானவர்களுக்கு ஜாமீன் நின்று வெளியே எடுப்பார்கள், விசாரணை நாளில் ஆள் வராவிட்டால் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இன்று வில்லாவை டாக்டரிடம் கூட்டிப்போனபோது, வண்டியில் அவளுடைய குழந்தை இருக்கை ஆடியது. முழங்காலை ஊன்றி அழுத்திப் பட்டையை இறுக்குபவள் நான், அது ஆடாது. யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பின்கதவு இரண்டிலும் குழந்தைப் பூட்டு வேறு போட்டிருந்தது.

முதலில் பெண் சகவாசமோ என்றுதான் நினைத்தேன். பெண்ணுக்கு எதற்கு உள்ளேயிருந்து திறக்க முடியாத கதவு?

மார்ச் 4, புதன்

கேட்டேன். லாமார் மாமாவுக்கு ஒரு சோபா ஏற்றிப்போனானாம். எங்கள் வண்டியில் சோபா. சரி.

மார்ச் 6, வெள்ளி

சோபாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. டுவேன்.

காலையில் பன் மாதிரியான பிஸ்கட்டின் மேல் வெள்ளைக் குழம்பை ஊற்றிக்கொண்டே கோல்பி தானாகச் சொன்னான். மறைக்கத் தெரியாது அவனுக்கு, பெருமை தொண்டை வரை வந்துவிட்டது. டுவேன் கோர்ட்டுக்கு வராமல் கென்டக்கியில் அண்ணன் வீட்டில் ஒளிந்திருந்தானாம். கோல்பி போய்க் கதவைத் தட்டி, விலங்கு மாட்டி, வில்லாவின் இருக்கை இருந்த இடத்தில் உட்காரவைத்து இங்கே டென்னசிக்குக் கொண்டுவந்துவிட்டான். அழுதுகொண்டே வந்தானாம். அதைச் சொல்லும்போது இவன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

அடுத்தவர் வீட்டுக்குள் நுழைய உனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"ஜாமீன் பத்திரத்துல கையெழுத்துப் போட்டவன் நம்ம ஆளு, டெஸ்ஸா. எந்த ஊரு, எந்த வாசல்னு கணக்கில்ல. போலீஸுக்குக்கூட அந்த அதிகாரம் கிடையாது. மாமாதான் சொன்னாரு."

போலீஸுக்கே இல்லாதது, போன வருஷம் வரை கிடங்கில் அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டிருந்த இவனுக்கு எப்படி வந்தது?

மார்ச் 7, சனி

வில்லா பால் குடிக்கும்போதெல்லாம் இன்னொரு கையில் போன். நான் படித்தது வரலாறு, சட்டமல்ல. ஆனாலும் இங்கிலீஷில்தானே எழுதியிருக்கிறார்கள். மெதுவாகப் படித்தால் புரிகிறது.

எனக்குப் புரிந்தவரை: கென்டக்கியில் இந்தத் தொழிலுக்கே தடை. அங்கே ஜாமீன் கடை என்று ஒன்றுமே கிடையாது. வெளி மாநிலத்திலிருந்து போய் அங்கே ஒருவரைப் பிடிக்க வேண்டுமானால் முறையாக வாரண்டு வேண்டும், பிடித்த ஆளை அங்குள்ள நீதிபதி முன்தான் நிறுத்த வேண்டும். தானாக இழுத்துக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் ஆள்கடத்தல்.

மூன்று தடவை படித்தேன். நான் தப்பாகப் படித்திருக்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

சர்ச் முடிந்து மாமியார் பெவர்லி வீட்டில் சாப்பாடு. பன்றித் தொடை, பீன்ஸ், சோளரொட்டி. லாமார் மாமாவும் வந்திருந்தார். வில்லாவை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். குழந்தைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதுதான் என்னைக் குழப்புகிறது.

நான் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன், கென்டக்கியில் சட்டம் வேறாமே மாமா என்று. கோல்பி மேசைக்கடியில் என் காலை மிதித்தான்.

"எங்க படிச்சே மருமகளே, போன்லயா? போன்ல படிச்சா எனக்குப் புற்றுநோய்னு காட்டுது, உனக்கு மறுபடி கர்ப்பம்னு காட்டும்." எல்லாரும் சிரித்தார்கள். "நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்ப நீ பொறக்கவே இல்ல அம்மாடி. சட்டமெல்லாம் வக்கீலுக்கு. நமக்கு ஆளைத் தெரியணும், அவ்வளவுதான்."

சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்றும் சொல்லவில்லை, நீ சொல்வது தப்பு என்றும் சொல்லவில்லை.

பிறகு சமையலறையில் பெவர்லியோடு பாத்திரம் துடைத்தபோது, ஈஸ்டருக்கு அவர் தங்கை வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேச்சு வந்தது. தங்கை இருப்பது கென்டக்கியில், அரைமணி நேரத் தூரம். லாமார் மாமாவும் வருவாரா என்றேன்.

"அவனா? தங்கச்சி புருஷன் சாவுக்கே போகலயே. அந்தப் பக்கம் அவன் மேல ஏதோ பழைய வழக்கு, யாரையோ இழுத்துட்டு வந்ததுக்கு. போனா புடிச்சு வச்சுப்பாங்களாம்."

சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் குழாயை வேகமாகத் திறந்துவிட்டார்.

அப்படியானால் அவருக்குத் தெரியும். இத்தனை நாள் அவரைச் சட்டம் தெரியாத மனிதர் என்று நினைத்திருந்தேன். நன்றாகத் தெரிந்ததால்தான் தான் போகாமல் இவனை அனுப்புகிறார்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று முழுக்க யோசித்தேன். அவர் மடியில் என் குழந்தை உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 12, வியாழன்

கோல்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனைக் காட்டினேன், படித்தே காட்டினேன். பெவர்லி சொன்னதையும் சொன்னேன். பெரிய சண்டை. என் அம்மா வீட்டில் எல்லாருக்கும் சந்தேக புத்தி என்றான். அவனுக்கு வேலை கொடுக்க யாரும் இல்லாதபோது கொடுத்தவர் மாமா என்றான். கடையையே அவன் பெயருக்கு எழுதிவைக்கப் போவதாக மாமா சொன்னார் என்றான். எழுதிவைக்கட்டும், நீ உள்ளே இருந்தால் கடையை யார் திறப்பது என்று கேட்டேன்.

குனிந்து ஷூவை எடுத்தான். அப்புறம் தாழ்ந்த குரலில், "சரி. மாநில எல்லைக் கோட்டைத் தாண்ட மாட்டேன். போதுமா?"

போதும் என்றேன். போதவில்லை. அதைச் சொல்லும்போது ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான், என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 14, சனி

இரண்டு நாளாக ரொம்ப நல்லவனாக இருக்கிறான். பாத்திரம் கழுவுகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

கோல்பியைப் பிடித்துவிட்டார்கள்.

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன், பிறகு யாராவது கேட்டால் குழம்பாமல் இருக்க. டானியா என்று ஒரு பெண், கடையில் திருடிய வழக்கு, விசாரணைக்கு வரவில்லை. கென்டக்கியில் சித்தி வீட்டில் இருந்தாள். காலையில் கோல்பி அந்த வீட்டுக்குள் போயிருக்கிறான். அவள் தன் மகனுக்கு ஓட்ஸ் ஊட்டிக்கொண்டிருந்தாளாம். அவளை வண்டியில் ஏற்றியதும் சித்தி உள்ளே போய் அந்த ஊர்ப் போலீஸ் அதிகாரி ஷெரீப்புக்குப் போன் செய்துவிட்டாள். எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் மடக்கிவிட்டார்கள். ஆள்கடத்தல், அத்துமீறி வீடு புகுந்தது என்று வழக்கு.

போனில் இரண்டு நிமிஷம் பேசினான். "மாமா கோட்டுக்கு இந்தப் பக்கம் பட்டாசுக் கடை வாசல்ல காத்துக்கிட்டு இருந்தாரு டெஸ்ஸா. போலீஸ் லைட்டைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு."

இந்தப் பக்கம் என்றா சொன்னான், அந்தப் பக்கம் என்றா? இப்போது அவனுக்கு எது இந்தப் பக்கம்?

அந்தப் பையன் ஓட்ஸை முடித்தானா? இதை ஏன் நினைக்கிறேன்!

மார்ச் 18, புதன்

லாமார் மாமா வந்தார், பெரிய தட்டில் கோழியும் சீஸும் சேர்த்துச் சுட்ட கேசரோலோடு, சாவு வீட்டுக்கு வருவதுபோல. நான் உட்காரச் சொல்லவில்லை, அவரே உட்கார்ந்தார். கோல்பி தானாகவே போய்விட்டானாம், இவர் வேண்டாம் என்றாராம். இளரத்தம். ஆனால் கவலைப்படக் கூடாதாம், அந்தப் பக்கத்தில் நல்ல வக்கீல் ஒருவரை இவரே வைத்துவிட்டாராம். கோல்பி வாயைத் திறக்காமல் இருந்தால் போதுமாம்.

ஜாமீன் எடுக்க முடியாதா என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன், அவர் வாயால் கேட்க வேண்டும் என்று.

"அங்க நம்ம தொழில் இல்லையே அம்மாடி. கோர்ட்டுலயே நேரா பணத்தைக் கட்டணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பதில் வராத கேள்விக்கு இன்று பதில் வந்தது.

கேசரோலைக் கொட்டிவிட்டேன். பிறகு வீணாக்கிவிட்டோமே என்று அழுதேன்.

மார்ச் 20, வெள்ளி

வில்லாவைப் பெவர்லியிடம் விட்டுவிட்டுக் கென்டக்கி சிறைக்குப் போனேன். அவர் கண் வீங்கியிருந்தது.

கோல்பியைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்தேன். மாமா அனுப்பிய வக்கீல் முந்தியே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். சட்டம் தெரியாமல் செய்துவிட்டேன், யாரும் அனுப்பவில்லை — இதைத் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாதாம். யார் பக்கத்து வக்கீல் அவர் என்றேன். கோல்பி கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே கோர்ட்டே இலவசமாகக் கொடுக்கும் வக்கீல் அம்மா மிஸ் பிரூயிட்டையும் பார்த்தேன். கோர்ட் நடைவழியில் நின்றபடியே பேசினார், கையில் ஆறிப்போன காப்பி. பெயர் எதுவும் சொல்லாமல், சட்டம் தெரியாது என்று சொன்னால் விட்டுவிடுவார்களா என்று மட்டும் கேட்டேன்.

"யாரும்மா விடுவா? மருந்துக்கடை நடத்துறவன் எது விஷம்னு தெரியாதுன்னு சொல்லலாமா? ஆளைப் புடிக்கறதே தொழிலா வச்சிருக்கறவன் எங்க புடிக்கலாம்னு தெரிஞ்சுக்கறதுதான் முதல் வேலை. யார் அனுப்பினாங்க, தெரிஞ்சே அனுப்பினாங்களா, அதைச் சொன்னாத்தான் ஏதாவது பேச முடியும்."

வண்டியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கிளப்பாமலே இருந்தேன். கோல்பிக்கும் தெரியும். நான்தான் சொன்னேனே. அதுவும் சேர்ந்துதான் வெளியே வரும்.

மார்ச் 24, செவ்வாய்

கோல்பி,

இன்று எனக்கு எழுத ஒன்றுமில்லை, உனக்குத்தான் இருக்கிறது. காலையில் இதைத் தனித்தாளில் எடுத்து எழுதி உனக்கு அனுப்புகிறேன்.

இன்று சிறைத்தெரு வழியாகப் போனேன். கடை திறந்திருந்தது. உன் நாற்காலியில் ஒரு புது ஆள், நம் வயதுதான் இருக்கும். மாமா அவன் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவன் ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடி வழியாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

மிஸ் பிரூயிட்டிடம் இன்று பெயரோடு எல்லாம் பேசினேன். கோர்ட்டில் சொல்லவும் தயார் என்றேன். மாமாதான் உன்னை அனுப்பினார், தான் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தே அனுப்பினார் என்பதைச் சொல்வேன். உனக்கு நான் முன்கூட்டியே படித்துக் காட்டினேனா என்று கேட்டால், அதையும் மறைக்க மாட்டேன். அது உனக்குக் கெடுதல் என்று தெரியும். அந்தப் பெண்ணை அவள் பிள்ளை முன்னாலேயே இழுத்தாய், அதை என்னால் பாதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் என் வாயால் வருவதற்கு முன் உன் வாயால் வரட்டும் என்றுதான் கேட்கிறேன். மாமாவின் வக்கீலை வேண்டாம் என்று சொல். மிஸ் பிரூயிட்டைக் கேள். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருந்து, பிறகுதான் கோர்ட்டில் சொல்வேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

வில்லாவுக்குக் கீழ்ப்பல் இரண்டும் வந்துவிட்டது. நீ என்ன முடிவு செய்தாய் என்று சீக்கிரம் பதில் எழுது.

டெஸ்ஸா