தள்ளினேன், அவள் நிறுத்தவில்லை

11.4.2016
முதல் ஷிப்ட். வெயில் மண்டையைப் பிளக்கிறது. மச்சான் அன்புமணி காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்தான். என் வீட்டுக்காரி திலகவதி வெட்டி வைக்க, பத்துச் சுளை தின்றிருப்பேன். இடது தோளில் ஒரு பிடிப்பு. வாயுதான். டாக்டரிடம் போங்க என்கிறாள். ஐம்பத்திரண்டு வயசெல்லாம் ஒரு வயசா?

2.5.2016
இருபது நாளாக எழுதவில்லை. நடுவில் செத்துப்போயிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏப்ரல் 13, காலை பத்தரை மணி, மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓரமாகச் சரிந்து விழுந்தேன். நாடி இல்லை. ஆம்புலன்ஸ் வரப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அதுவரை என் நெஞ்சை அழுத்தியது கலியம்மாள், எங்கள் செக்‌ஷனில் பெருக்குகிற கான்ட்ராக்ட் ஆள். அப்புறம் ஆம்புலன்ஸில் கரன்ட் ஷாக், புதுச்சேரியில் ஸ்டென்ட். இப்போது குவார்ட்டர்ஸில் படுக்கை. விலா எலும்பு நாலு முறிந்திருக்கிறது. தும்மக்கூட பயம்.

இதெல்லாம் மற்றவர்கள் சொன்னது. நான் சொல்வதைத்தான் ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் முழித்திருந்தேன்.

3.5.2016
ஆமாம், முழித்திருந்தேன். இங்கேயாவது எழுதுகிறேன்.

இருட்டு. பிறகு தகரக் கூரை. அதற்குக் கீழே கலியம்மாளின் முகம், வேர்த்து ஊற்றுகிறது. “பதினேழு, பதினெட்டு” என்று எண்ணுகிறாள். நெஞ்சில் இடி மாதிரி வலி. கத்தினேன், சத்தம் வரவில்லை. வலி பொறுக்காமல் அவள் கையைப் பிடித்துத் தள்ளினேன். என்னோடு வேலை பார்க்கிற கண்ணையன் குரல் கேட்டது: “கை ஆடுது, உயிர் வந்துடுச்சு, வுடு! வுடு!” அவளைப் பிடித்து இழுத்தார்கள்.

உடனே இருட்டு. விளக்கை அணைத்த மாதிரி.

திரும்பவும் கூரை, திரும்பவும் எண்ணிக்கை, திரும்பவும் தள்ளினேன். இழுத்தார்கள். இருட்டு. மூன்றாவது தடவை யாரையோ முழங்கையால் இடித்துவிட்டு வந்தாள். “கிட்ட வராதீங்க” என்றாள். அதற்கப்புறம் நான் தள்ளத் தள்ள அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அவள் கை நெஞ்சில் இருந்தவரைக்கும் நான் இருந்தேன். கை போனால் நான் இல்லை. இதைப் போய் கனவு என்கிறார் புதுச்சேரி பெரிய டாக்டர். மருந்து மயக்கமாம். எனக்கு மருந்தே அப்போது யாரும் கொடுக்கவில்லையே ஐயா!

6.5.2016
கண்ணையன் பார்க்க வந்தான். கலியம்மாள் எப்படி இருக்கிறாள் என்றேன். கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்களாம். விசாரணை முடியும்வரை உள்ளே விடமாட்டார்களாம்.

ஏன்? உயிரோடு இருந்தவர் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளியும் கேட்காமல் நெஞ்சில் ஏறி எலும்பை உடைத்தாள் என்று புகார். யார் கொடுத்த புகார்? என் வீட்டுப் புகார். நான் ஐ.சி.யூ.வில் கிடந்தபோது மச்சான் எழுதியிருக்கிறான். திலகவதி கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

7.5.2016
வீட்டில் சண்டை. கத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கத்தினேன்.

“மாமா, எக்ஸ்ரே பாத்தீங்களா? நாலு எலும்பு! ட்ரெயினிங் இல்லாத பொம்பள. ஏதாச்சும் ஆயிருந்தா?” என்றான் அன்புமணி.

ஆகித்தான்டா போச்சு. அதுக்கப்புறம்தான் அவ கை வெச்சா என்றேன்.

திலகவதி அழுதாள். “நீங்க தள்ளுனீங்கன்னு கண்ணையன் அண்ணன் சொன்னாருங்க. எனக்கு என்ன தெரியும்? நீங்க பொழைப்பீங்களான்னே தெரியல” என்றாள். அவளைத் திட்டி என்ன பண்ண. வாபஸ் வாங்கு என்றேன். வாங்கினாலும் விசாரணை நிற்காதாம்.

12.5.2016
செக்கப். பெரிய டாக்டர் லீவு. அவர் இடத்தில் இசைப்பிரியா என்று ஒரு சின்னப் பெண் டாக்டர். சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். சிரிக்கவில்லை. நன்றாக அழுத்தினால் மூளைக்கு ரத்தம் போகும், சில பேருக்கு நினைவு வரும், கை காலை ஆட்டுவார்கள், நிறுத்தினால் போய்விடும் என்றாள். அபூர்வம், ஆனால் நடக்கும். எலும்பு முறிவதும் சகஜமாம்.

“எழுதித் தருவியாம்மா?”

தந்தாள். கையெழுத்து, சீல் எல்லாம். வரும் வழியெல்லாம் அந்தக் காகிதத்தைப் பையிலிருந்து எடுப்பதும் படிப்பதுமாக இருந்தேன்.

13.5.2016
எலும்பு முறிந்த புகாருக்குப் பதில் கிடைத்தது. ட்ரெயினிங் இல்லாதவள் என்கிறார்களே, அதற்கு?

20.5.2016
இதை எழுதக் கை கூசுகிறது.

எங்கள் ஷிப்டுக்கு முதலுதவி ஆள் நான்தான். பேட்ஜ் உண்டு, சர்டிபிகேட் உண்டு. வருஷா வருஷம் வகுப்பு நடக்கும், பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு நானும் கண்ணையனும் கேன்டீனுக்குப் போய்விடுவோம். நெஞ்சை அழுத்திப் பழக வைத்திருக்கும் அந்த ரப்பர் பொம்மையை நான் தொட்டதே இல்லை. ஹாலைப் பெருக்க வந்தவள் கலியம்மாள். கடைசி வரிசைக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்று நாலு வருஷம் பார்த்திருக்கிறாள். எல்லாரும் போனபிறகு பொம்மையைத் துடைத்து வைக்கும்போது அழுத்தியும் பார்த்திருக்கிறாள். கண்ணையன் போன் போட்டுக் கொடுத்தான், அவளே சொன்னாள்: “முப்பது எண்ணணும்னு வாத்தியார் சொல்லிக்கினே இருப்பாரு சார்.”

இதைச் சொன்னால்தான் அவளுக்குப் பாஸ். சொன்னால் எனக்கு மெமோ. ப்ரமோஷன் லிஸ்டில் என் பேர் இருக்கிறது.

“யோசிச்சு பேசுங்க” என்றாள் திலகவதி. யோசித்தாயிற்று.

26.5.2016
விசாரணை. மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். கலியம்மாள் கதவோரம் நின்றாள். நாற்காலி போடுங்கள், இல்லாவிட்டால் நானும் நிற்கிறேன் என்றேன். போட்டார்கள்.

“மயங்கிக் கிடந்தவர் சாட்சி சொல்ல முடியாது.”

“மயங்கல சார். செத்தேன். நடுநடுவுல முழிச்சேன். எப்பெப்ப முழிச்சேன்னு கேளுங்க, சொல்றேன்.”

இழுத்தது எத்தனை தடவை, அவள் என்ன சொன்னாள், எல்லாம் சொன்னேன். சாட்சிக்கு வந்திருந்த கண்ணையன் எழுந்து, ஒன்றுகூட தப்பில்லை என்றான். டாக்டர் காகிதத்தை வைத்தேன்.

“அந்த அம்மாவை நீங்க கையால தள்ளினீங்களா, இல்லையா?”

“தள்ளினேன். என் பேச்சைக் கேட்டிருந்தாங்கன்னா இன்னைக்கு என் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பீங்க.”

பிறகு கேன்டீன் கதையைச் சொன்னேன். முழுசாக. ஒருத்தர் பேனாவை மூடிவிட்டு, இதெல்லாம் ரெக்கார்டில் ஏறணுமா என்று மெதுவாகக் கேட்டார்.

“ஏத்துங்க சார்.”

9.6.2016
லிஸ்ட் வந்தது. என் பேர் இல்லை. ராத்திரி சாப்பாடு நன்றாக இறங்கியது.

27.6.2016
டியூட்டியில் சேர்ந்தேன். லைட் டியூட்டி. மெமோ மேஜைமேல் காத்திருந்தது: பயிற்சிக்கு வராமலே கையெழுத்திட்டது உண்மையா, விளக்கம் தருக. ‘உண்மை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காலையில் கேட்டில் எனக்கு நாலு பேர் முன்னால் கலியம்மாள் நின்றாள். பாஸை நீட்டினாள். செக்யூரிட்டி பார்த்துவிட்டு உள்ளே விட்டார். நான் எட்டி நடந்து பக்கத்தில் போனேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“நான் அப்படித் தள்ளினேனே, உங்களுக்குப் பயமா இல்லியா கலியம்மா?”

“நீங்க தள்ளுனப்ப பயமில்ல சார்” என்றாள். “தள்ளாம கெடந்தீங்க பாருங்க, அப்பதான்.”

ஷிப்ட் சங்கு ஊதியது. அவள் செக்‌ஷன் பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.