நீ கணினியில் நெய்த கால்

உன் உம்மாவின் புதுக் கால் நன்றாகத்தான் வரும் என்று நான் அப்போதே சொன்னேன், மகன். யாரும் கேட்கவில்லை. இன்று காலை யட்டவத்த பட்டறையில் லொறி மட்கார்ட் ஒன்றுக்கு, ஃபைபர் துணியில் பூசும் ரெசின் கலக்கினேன். வாடை மூக்கில் ஏறியதும் உன்னோடு பேச வேண்டும்போல இருந்தது. நீ மவுத்தாகிப் போன பிறகு ரெசின் டப்பாவைத் திறந்தாலே இப்படித்தான்.

சீனி வருத்தம் முற்றி என் தங்கச்சி, உன் உம்மாவின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கிடைத்த செயற்கைக் கால் தோலை உரித்ததால் அது மூலையில் கிடந்தது. நீ பல்கலைக்கழக லீவில் வந்தாய். மிச்சக் காலைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து, அது உள்ளே பொருந்துகிற மாதிரி ஒரு கிண்ணத்தைக் கணினிக்குள் செய்தாய். அதன்மேல் ஃபைபர் துணியையும் கணினியிலேயே இழை இழையாக நெய்து போர்த்தினாய். அதை நிஜத்தில் செய்து தருவது என் வேலை. இப்படி ஒரு வேலை இலங்கையிலேயே இல்லை என்று பல்லேபொல வரைக்கும் போய்ச் சொன்னேன்.

"மாமா, ஸ்க்ரீன்ல இந்தப் பின்வளைவப் பாருங்க. துணிய நேரா போட்டா இழையெல்லாம் கோணிப் போகுது. பாரம் விழுந்தா இந்தச் சிவப்பு எடத்துலதான் வெடிக்கும். இங்க ஒரு துண்டச் சாய்ச்சுப் போடுங்க."

"பஸ்ஸுக்கே பம்பர் செஞ்சவன் நான். படத்தப் பாத்துத்தானா துணி போடுவேன்?"

நேராகத்தான் போட்டேன். மணல் மூட்டையை ஏற்றிப் பார்த்தோம். நீ சிவப்பில் காட்டிய இடத்திலேயே வெடித்தது.

"பஸ் பம்பர் மேல யாரும் நடக்கிறதில்ல மாமா" என்றாய்.

வெடிக்கும் என்று முதலே தெரியும், உனக்குக் காட்டத்தான் போட்டேன் என்றேன்.

இரண்டாவதில் நீ சொன்னபடி சாய்த்துப் போட்டேன். அதைத் தேய்த்து முடிப்பதற்குள் உனக்கு டெங்கு.

ஜனாஸாவுக்குப் பிறகு உன் உம்மா கட்டிலை விட்டு இறங்கவில்லை. மற்றக் காலின் குதியிலும் புண் கண்டது. இப்படியே படுத்திருந்தால் அந்தக் காலும் போய்விடும் என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். கிண்ணத்தைத் தேய்த்து முடித்து, மூலையில் கிடந்த காலின் தண்டில் பூட்டிக் கொண்டுபோய் நீட்டினேன்.

"நானா, புள்ளயே போயிட்டான். எனக்கு எதுக்குக் கால்?"

"வார்டுல என் கையப் புடிச்சிட்டு, உம்மாவ நடக்க வைங்க மாமான்னு சொன்னான் தங்கச்சி."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது நடக்கிறாள், மகன். நீ அடங்கியிருக்கிற மையவாடி மதில் வரைக்கும் போய்த் திரும்புகிறாள். குதிப் புண் ஆறிவிட்டது. பின்வளைவை நான் அடிக்கடி விரலால் தடவிப் பார்க்கிறேன், கீறல் இல்லை. "இன்னொருக்கா சொல்லுங்க நானா, எப்படிச் சொன்னான்?" என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கண்ணைத் திறந்தான் என்கிறேன், சிரித்தான் என்கிறேன்.

நான் வார்டுக்கு வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவே இல்லை. கையைப் பிடித்தது நான். நீ ஒன்றும் சொல்லவில்லை.